பொக்கற்றுக்குள் இருந்த சாமான்

என் காற்சட்டையின் வலது பைக்குள் பத்து வாரம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. வாங்கும்போது அந்தச் சின்ன உருவம்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் அதன் கனம் உருவத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத கனம். முதல் நாள் கடைக்குள் நாலு நடை நடந்ததும் காற்சட்டை வலப்பக்கமாக இறங்கிவிட்டது. இருபது வருடமாக வயிற்றை மட்டும் நம்பிக் காற்சட்டை போட்டு வந்தவன் நான். அன்று மத்தியானமே போய் ஒரு தோல் பெல்ட் வாங்கினேன்.

யாரிடம் வாங்கினேன், எப்படி வாங்கினேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் என்னைப் போல இன்னொரு மடையன் அதே வழியில் போவான். இந்த நாட்டில் தற்காப்புக்கென்று யாரும் துவக்கு வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் கேட்கும்போது அப்படியொரு காரணத்தைச் சொன்னாலே விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். தெருவில் ரோந்து வரும் பொலிஸ்காரர்கூட அநேகமாக இடுப்பில் துவக்கு இல்லாமல்தான் நடக்கிறார்கள். துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்த யாழ்ப்பாணத்தான் நான், அப்படிப்பட்ட ஊரில், பாலும் பாணும் விற்கிற கடைக்குள் துவக்கோடு நின்றேன். அந்தக் கூத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

பாபகூரா என்ற புறநகரில் எங்களுக்கு ஒரு டெய்ரி. டெய்ரி என்றதும் மாட்டுப் பண்ணை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே மூலைக்கு மூலை இருக்கும் சின்னக் கடைக்கு அதுதான் பெயர். பால், பாண், மிட்டாய், சிகரெட், நாய்க்கு பிஸ்கட் எல்லாம் அங்கே கிடைக்கும். வீடு நகரின் மறுபக்கம், கடலோரத்து லின்ஃபீல்டில். காலையில் நானும் மனைவியும் ஒரே காரில் மோட்டர்வேயில் போவோம், பொழுதுபட ஒரே காரில் திரும்புவோம். மகள் ஒருத்தி. நகர மையத்தில் ஒரு வங்கியில் வேலை, அங்கேயே சிநேகிதிகளோடு ஃப்ளாட்டில் இருக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

மனைவி திருச்சிக்காரி. நான் அகதியாக அங்கே இருந்த காலத்தில் பழக்கமாகிக் கல்யாணத்தில் முடிந்தது. ஆகவே இருபத்தைந்து வருடமாக எங்கள் வீட்டில் இரண்டு தமிழ். நான் கதைப்பேன், அவள் பேசுவாள். எங்கள் ஊரில் ஒருவருக்குப் பேசுவது என்றால் ஏசுவது. புதிதில் அவள் 'உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்' என்று சொல்லும்போதெல்லாம் என்ன குற்றம் செய்தேன் என்று எனக்கு நெஞ்சு இடிக்கும். நான் அவளை 'நீர்' என்று அழைப்பதைக் கேட்டு அவள் வீட்டார், மாப்பிள்ளை நாடகத்து ராஜா மாதிரிப் பேசுகிறாரே என்று சிரித்தார்கள். காலப்போக்கில் எல்லாம் பழகிவிட்டது. ஒருவர் சொல்வது மற்றவருக்கு முழுதாக விளங்கும் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எங்கள் கடையில் குளிர்பான அலுமாரிகளுக்குப் பின்னால் ஒரு குளிர் அறை உண்டு. பின்பக்கமாக உள்ளே போய்ப் போத்தல்களை அடுக்கினால், கடைக்குள் நிற்பவர்களுக்கு அவை கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் வரிசையாகத் தெரியும். பின்னேரம் மூன்று மணி இருக்கும். நான் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு உள்ளே நின்று அடுக்கிக்கொண்டிருந்தேன். கவுண்டரில் மனைவி நின்றாள். திடீரென்று எதுவோ உடையும் பெரிய சத்தம் கேட்டது. போத்தல்களுக்கு நடுவால் பார்த்தேன். முகத்தை மூடிய இரண்டு பேர். ஒருவன் கையில் சுத்தியல். சிகரெட் அலுமாரியை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

நான் வெளியே போகவில்லை. கை கதவுப்பிடியில்தான் இருந்தது. பிடியைத் திருகு என்று மூளை சொன்னது, கை கேட்கவில்லை. அந்த இடத்தில் அவள் என்னைப் பார்த்தாள். போத்தல்களுக்கு நடுவில் இருந்த என் கண்களை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்கள் போகும்வரை என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எல்லாமாக ஒரு நிமிடம்கூட இல்லை என்று பிறகு கமெராவில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அந்த ஒரு நிமிடத்தை நான் அதற்குப் பிறகு எத்தனை தரம் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அவர்கள் போன பிறகுதான் கதவு திறந்தது. அவள் அதற்குள் தும்புத்தடியை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டத் தொடங்கியிருந்தாள். என்னைக் கண்டதும், "உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டாள். சுத்தியலுக்கு முன்னால் நின்றவள் அவள். குளிர் அறையில் பால் போத்தலோடு நின்றவனைப் பார்த்து அந்தக் கேள்வி. நான் தும்புத்தடியை வாங்கிக்கொண்டேன்.

பொலிஸ் வந்து விசாரித்தபோது, கணவர் பின்னால் வேலையாக இருந்தார் என்று அவள் ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டாள். என் மானத்தை மூடி மறைக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களிடையே முகத்தைத் திருப்பிக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. கோபித்துக்கொண்ட சொந்தக்காரன் கல்யாண வீட்டில் செய்வது அது. இனி உன்னோடு ஒன்றும் இல்லை என்று வாயால் சொல்லாமல் சொல்வது. ஒரு சொல்லாவது ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி மனம் ஆறியிருப்பேன். அவளோ வழக்கம்போலத் தேநீர் தந்தாள், சோறு போட்டாள், காரில் பழைய பாட்டு கேட்டாள். என்னை அடியோடு கைவிட்டுவிட்டதால்தான் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறாள் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன்.

கடைக்குச் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தோம். சிகரெட் அலுமாரிக்கு இரும்புக் கூடு. பட்டனை அமுக்கினால் கள்ளருக்குக் கண் தெரியாதபடி கடை முழுக்கப் புகை கக்கும் இயந்திரம். கூடுதலாக இரண்டு கமெரா. அவையெல்லாம் கடைக்குத்தான் காவல். கதவைத் திறக்காத என் கைக்கு அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த முறை நான் வெளியே வரவேண்டும், அவள் பார்க்க வரவேண்டும். அந்த ஒரே எண்ணத்தில்தான் துப்பாக்கியை வாங்கினேன்.

அதை வைத்துக்கொண்டு வாழ்வது லேசில்லை. கைக்குட்டையும் திறப்புக் கோர்வையும் இடது பைக்கு மாறின. காரில் ஏறி இருந்து பெல்ட் போட்டால் தொடையில் அழுத்தியது. குனிந்து பால் கூடை தூக்க முடியவில்லை; முழங்காலை மடித்து, கர்ப்பிணிப் பெண் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் தூக்கினேன். மகள் வந்தால் கட்டிப்பிடிப்பாள். நான் இடது தோளை மட்டும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஏதாவது சாட்டுச் சொல்லி மறுபடி காருக்குப் போய், பின்னால் டிக்கியில் இருக்கும் உபரிச் சில்லின் டயருக்குள் அதை ஒளித்துவிட்டு வருவேன். காலையில் திரும்ப எடுப்பேன். ஒரு நாளாவது அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. விற்றவன், எல்லாம் சரியாக இருக்கிறது, பயமில்லை என்றான். பயமில்லை என்று துவக்கு விற்பவன் சொன்னதை நான் நம்பினேன். உண்மையில் அதை நோண்டிப் பார்க்க எனக்குப் பயம்.

ஒரு நாள் முற்பகல், நாய் பிஸ்கட் வாங்க வழக்கமாக வரும் வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். கவுண்டருக்கு முன்னால் நின்று, திடீரென்று கையைக் கோட்டுக்குள் விட்டார். என் கை என்னைக் கேட்காமலே வலது பைக்குள் போய்விட்டது. விரல்கள் இரும்பைத் தொட்டன. அவர் கோட்டுக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெட்டியில் ஒட்டியிருந்த விலையைப் படித்தார். நாய்க்கு இந்த வகை பிடிக்காமல் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்தேன். முன்பு கதவு மணி அடித்தால் மட்டும்தான் பயம். இப்போது மணிக்குப் பயம், பொலிஸ் காருக்குப் பயம், மனைவிக்குப் பயம், என் வலது கைக்கும் பயம்.

இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் லண்டனில் இருக்கும் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். எங்கள் இளமையில் ஊரில் துவக்கை யாரும் துவக்கு என்று சொல்வதில்லை. சுவருக்கும் காது இருந்த காலம். 'சாமான்' என்றுதான் சொல்வோம். இன்னாரிடம் சாமான் இருக்கிறது என்றால், சோறு தின்னும் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு நாள் கடையின் பின்முற்றத்தில் வெறும் பெட்டிகளை அடுக்கியபடி அவனோடு போனில் கதைத்தேன். "சாமான் வந்திட்டுது. சின்னன்தான். எந்த நேரமும் பொக்கற்றுக்குள்ளதான் வைச்சிருக்கிறன். மனிசிக்குத் தெரியாது" என்றேன். அவன் மறுமுனையில் நல்லாக ஏசினான். நான் போனை வைத்துவிட்டேன்.

மனிசி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள். அவள் என்ன விளங்கிக்கொண்டாள் என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிய வந்தது. வாசிக்கிற உங்களை அதுவரை இழுத்தடிக்க விருப்பமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் ஊரில் சாமான் என்றால் சாமான்தான். பித்தளைச் சாமான், வெள்ளிச் சாமான் என்பார்கள். இங்கே பெண்டாட்டிக்குத் தெரியாமல், பைக்குள் அடங்குகிற அளவில், புருஷன் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற சாமான். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நாலு வாரம் இருந்தது. அவள் அதை நகை என்று முடிவு செய்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் நடந்துகொண்ட விதம் எனக்கு அப்போது ஒன்றும் பிடிபடவில்லை. சமைக்கும்போது பாடினாள். பிளவுஸ் தைக்கக் கொடுத்தாள். ஒரு நாள் காலையில் அவளுடைய பழைய மோதிரம் என் கட்டில் பக்கத்து மேசையில் கிடந்தது. அளவு எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறாள். நான் அதை எடுத்துக்கொண்டு போய், "இஞ்சரும், நகையைக் கண்ட இடத்தில கழட்டி வைக்காதேயும், துலைஞ்சு போகும்" என்று புத்தி சொல்லிக் கையில் கொடுத்தேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாளாம். எனக்கோ, கோழைக்குப் புத்தி சொல்ல வேறு வாய் இருக்கிறதா என்று அவள் சிரிப்பது போலப் பட்டது.

இன்னொரு நாள் காரில் கேட்டாள்.

"ஏங்க, பாக்கெட்ல அப்படி என்ன இருக்கு? அடிக்கடி தடவிப் பாத்துக்கறீங்க."

"ஒண்டுமில்லை. திறப்பு."

"சாவி இடது பக்கமில்ல வெச்சிருக்கீங்க?"

"இது வேற திறப்பு."

"சரி சரி, வேற சாவிதான். நான் ஒண்ணும் கேக்கல" என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத் திரும்பியிருக்கிறாள். நான் அதையும் முகத்தைத் திருப்பிய கணக்கில் சேர்த்தேன்.

கல்யாண நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடையை அன்று பூட்டினோம். காலையில் கோயிலுக்குப் போவதென்று ஏற்பாடு. கோயிலுக்கு வேட்டி கட்டாமல் போகிறவர்களை முகத்துக்கு நேரே குறை சொல்கிற ஆள் நான். ஆனால் வேட்டியில் ஏது பை? சாமானை மடியில் செருகிக்கொண்டு விழுந்து கும்பிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டிலோ காரிலோ விட்டுப் போகவும் மனம் வரவில்லை. அந்தளவுக்கு அது உடம்போடு ஒட்டிவிட்டது. காற்சட்டையோடு வெளிக்கிட்டேன். பட்டுச் சேலையில் நின்றவள் மேலும் கீழும் பார்த்தாள். சாமானை மூலஸ்தானத்துக்கு முன்னால் வைத்துத் தருவதற்குத்தான் பை உள்ள உடுப்பில் வருகிறார் என்று நினைத்தாளாம். கோயிலில் ஒவ்வொரு சந்நிதியிலும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒவ்வொரு சந்நிதியிலும் கையைப் பைக்கு மேல் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் சாமானை ஒளிக்கக் காரடியில் கொஞ்சம் சுணங்கினேன். அவள் விடவில்லை. "வாங்க, பசிக்குது" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். விடியவே எழும்பிச் சமைத்து வைத்திருந்தாள். உளுந்து வடை, சாம்பார், என் ஊர்ப் பக்கத்துக்கு ஒரு கத்தரிக்காய்ப் பால்கறி, சேமியாப் பாயசம். மேசையில் புது விரிப்பு. எனக்குப் பக்கத்துக் கதிரையில், வலது பக்கமாக வந்து இருந்தாள்.

"எப்பத்தான் குடுக்கப் போறீங்க?"

"எதை?"

"போதும் ஒளிச்சு வெச்சது" என்று சொல்லிக்கொண்டே என் பைக்குள் கையை விட்டாள். அவள் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விரல்கள் உள்ளே தடவின, பிடித்தன, இழுத்தன. பாதி வெளியே வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, அதை வாங்கி மேசையில் பாயசத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன இது?"

"சாமான்" என்றேன்.

"இதுவா சாமான்?" என்றாள். பிறகு நகை, மோதிரம், பிளவுஸ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் வாயிலிருந்து வந்தன. மகளிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லச் சொல்ல அவளுக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து கண் கலங்கிவிட்டது. நான் நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று இருந்தேன்.

"எதுக்குங்க இது? யாரைச் சுடறதுக்கு?"

"அண்டைக்கு நான் வெளியில வரேல்லை" என்றேன். "உள்ளுக்க நிண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். நீர் என்னைப் பார்த்தனீர். பார்த்திட்டு முகத்தைத் திருப்பினனீர். அதுக்குப் பிறகு நான் என்னத்துக்கு ஒரு மனுசன்? அடுத்த முறை வரவேணும் எண்டுதான் வாங்கினனான்."

அவள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"லூசாங்க நீங்க?" என்றாள். "பாட்டிலுக்கு நடுவுல உங்க கண்ணு ரெண்டும் தெரிஞ்சுது. நான் பாத்துக்கிட்டே நின்னா அவனுங்களும் திரும்பிப் பாப்பானுங்க. சுத்தியல் வெச்சிருக்கவன் உங்ககிட்ட வருவான். அதான் அந்தப் பக்கமே பாக்கல. வெளிய வந்துடாதீங்க, வந்துடாதீங்கன்னு மனசுக்குள்ள கத்திக்கிட்டு நின்னேன். நீங்களும் வரல. அப்பாடான்னு இருந்துச்சு. இருபத்தஞ்சு வருஷத்துல நான் வாயைத் திறக்காம சொன்னதைப் புரிஞ்சுக்கிட்டாரேன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். வடையையும் பாயசத்தையும் துப்பாக்கியையும் முன்னால் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவள் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையை எனக்கும் தந்தாள்.

பிறகு இதை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. லின்ஃபீல்டின் கீழே கடல்தானே, கொண்டுபோய் எறிந்துவிடுகிறேன் என்றேன். "ஏதாவது குழந்தை கையில கெடைக்கட்டும்னா? போலீசுக்குப் போன் பண்ணுங்க" என்றாள். "மறியலுக்குள்ள போடுவாங்கள்" என்றேன். அவள் ஊரில் மறியல் என்றால் ரோட்டில் குந்தியிருந்து கோஷம் போடுவது. எங்களுக்கு அது சிறை. அவள் அதையெல்லாம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டாள். "போட்டா போடட்டும். நான் வாரா வாரம் சோறு கொண்டாந்து குடுக்கறேன். இது இந்த வீட்ல இருக்கக்கூடாது" என்றாள்.

பொலிஸில் போனை எடுத்த பெண் என்னைவிட அமைதியாக இருந்தாள். தானாக ஒப்படைப்பவர்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது என்றாள். அதை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகாமல் இருங்கள், ஆட்களை அனுப்புகிறேன் என்றாள். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு நடுவயது ஆண், ஓர் இளம் பெண். நான் பயந்த மாதிரி யாரும் சத்தம் போடவில்லை, விலங்கு எடுக்கவில்லை. அந்தப் பெண் கையுறையை மாட்டிக்கொண்டு மேசையைப் பார்த்து, விசேஷ நாளா என்று கேட்டாள். கல்யாண நாள் என்றேன். வாழ்த்துச் சொன்னாள். வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவதா என்று மனைவி பாயசத்தைச் சூடாக்கக் குசினிக்குப் போய்விட்டாள். உள்ளே பைப்பில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அந்தப் பெண் துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்து அடிப்பாகத்தைக் கழற்றினாள். பிறகு மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தாள். ஒரு சன்னம், முழுத் தோட்டா, துள்ளி வந்து புது விரிப்பில் விழுந்து, சாம்பார்ச் சட்டிவரை உருண்டு போனது. அவள் அதையும் பார்த்து என்னையும் பார்த்தாள். இது குழலுக்குள்ளேயே தயாராக இருந்தது, பாதுகாப்பு லொக் போடவே இல்லை, விரல் லேசாகப் பட்டிருந்தாலே வெடித்திருக்கும் என்று மெதுவான குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள். இதைப் பைக்குள்ளா வைத்திருந்தாய் என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். வேறு யாராவது தொட்டார்களா என்று கேட்டாள்.

மனைவியின் கை உள்ளே போனது எனக்குத் தெரியும். எந்த விரல் எங்கே பட்டது என்று தெரியாது. மோதிர விரலா, சுட்டு விரலா, எதைப் பிடித்து இழுத்தாள் என்று இன்றுவரை தெரியாது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததும் ஞாபகம் வந்தது. அவளைக் காப்பாற்ற வாங்கியது அவள் விரலுக்குக் கீழே இருந்திருக்கிறது. கதிரையைப் பிடித்துக்கொண்டு, இல்லை, யாரும் தொடவில்லை என்றேன்.

மனைவி தட்டோடு வந்தாள். சன்னத்தை ஆண் பொலிஸ்காரர் அதற்குள் ஒரு பைக்குள் போட்டுவிட்டார். "என்ன சொல்றாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஒண்டுமில்லை. பழசாம். வேலை செய்யாதாம்" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்று அவள் பாயசத்தை நீட்டினாள். இருவரும் குடித்தார்கள். அந்தப் பெண் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தாள். என்னிடம் சில கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கொண்டு போனார்கள். பிறகு, வழக்கு இல்லை, எச்சரிக்கை மட்டும் என்று ஒரு கடிதம் வந்தது. அத்தோடு முடிந்தது. வெறும் பையோடு முதல் நாள் கடைக்குப் போனபோது காற்சட்டை இடப்பக்கமாக இறங்குவது போல இருந்தது என்று அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மாதமே மகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மோதிரம் வாங்கிக் கொடுத்தேன். இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் கவுண்டரில் நிற்கிறாள். யாராவது நல்லாயிருக்கிறது என்றால், இதற்கு முன்னால் ஒரு ஓட்டைத் துப்பாக்கியை வாங்கித் தந்தார் என்று சொல்லவேண்டும் போல நாக்கு துடிக்கிறதாம்.

ஓட்டைத் துப்பாக்கி என்று அவள் சிரிக்கும்போதெல்லாம் நானும் கூடச் சிரித்து வைக்கிறேன். அன்று குளிர் அறைக்குள் நின்றதற்கு அவள் தந்த மன்னிப்பு இருக்கிறது. அது மன்னிப்புக்கூட இல்லை, அதை அவள் பிழையாகவே எடுக்கவில்லை. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நின்று நான் சொன்ன பொய் வேறு. அது அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் இல்லை. அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்கத் தைரியம் இல்லாமல் சொன்னது.

நான் எதை எழுதினாலும் முதலில் வாசிப்பவள் அவள்தான். சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பிழை பார்த்து, புரியாத யாழ்ப்பாணச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுத் தருவாள். அவள் வாசிக்கும்போது நான் வழக்கமாகத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். நாளைக்குக் காலையில் இதை அவளிடம் கொடுக்கப் போகிறேன். அவள் கடைசி வரிவரை வாசித்து முடித்து, எனக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லும்வரை பக்கத்துக் கதிரையை விட்டு எழும்பமாட்டேன்.